நீங்க முன்னாடி போங்கம்மா

மேற்குத் தாம்பரம்
16 ஜூன் 2024

அன்புள்ள ஹெப்சி,

நான் நலமாக இருப்பதாக நினைக்கிறேன், இன்னும் சரிபார்க்கவில்லை. உன் நலம் பற்றி உன் கையெழுத்தில் தகவல் தேவை. போனில் நீ பேசினால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. இந்த வயதில் காது போவது இயற்கை, அதற்காக யார்மேலும் வழக்குப் போட முடியாது. உன் கூடலூர் ஆஸ்பத்திரியில் டவர் கிடைக்காததும் ஒருவகையில் நல்லதுதான். அப்பாவும் மகளும் இனியாவது யோசித்துவிட்டுப் பேசலாம்.

இங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறினாய். காரணம் கேட்டால், "சும்மாதான்பா" என்றாய். சும்மா நடக்கிற காரியம் உலகத்தில் எதுவும் இல்லை என்று வாழ்நாள் முழுக்கத் தத்துவ வகுப்பில் கத்தியவனிடம் இப்படிச் சொல்லலாமா? போகட்டும். நேரம் வரும்போது எழுது.

பெருங்களத்தூர் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொத்தேரியிலிருந்து நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்களாம். என்னைச் சேர்த்திருக்கிற மருந்து ஆய்வைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆய்வு நர்ஸாக நீ உட்கார்ந்திருந்த மேஜையில் நடந்ததுதான். இருந்தாலும் ஒத்திகை பார்க்கிறேன், பொறுத்துக்கொள்.

நுரையீரல் இறுகிப்போகும் நோய். பழைய மருந்து எல்லோருக்கும் உண்டு. அதோடு ஒரு புது மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் மூச்சு கூடுதலாக நிலைக்குமா என்று பார்க்கிறார்கள். புது மாத்திரை யாருக்கு என்று டாக்டர் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் கேட்கக் கூடாது. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி, முடிவுகளை ஒட்டிய கவர்களில் போட்டு, வரிசையாக அடுக்கி அனுப்புகிறது. அடுத்து யார் வந்து உட்காருகிறாரோ அவருக்கு அடுத்த கவர். மந்திரி வந்தாலும் அதே கவர், மாடு மேய்ப்பவர் வந்தாலும் அதே கவர்!

ஹெப்சி, விஞ்ஞானமும் சமதர்மமும் ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு பாஷையில் சொல்கின்றன, "இங்கே சிபாரிசு செல்லாது" என்று நான் எழுதியபோது கட்சிக்காரர்களும் சிரித்தார்கள், சபைக்காரர்களும் சிரித்தார்கள். அந்த இரண்டும் நிஜமாகவே சந்திக்கிற இடத்தைக் கடைசியில் நான் உன் மேஜைமேல் பார்த்தேன். எனக்குப் புது மாத்திரை விழுந்தது. அதில் எனக்குப் பெருமை இல்லை. விழாமல் போயிருந்தாலும் நான் அந்த ஆய்வுக்கு அதே அளவு பயன்பட்டிருப்பேன், அதில்தான் பெருமை.

அன்று எனக்கு முன்னால் போன பெரும்பாக்கத்து அம்மாளை ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டாரே, நான் வழிவிட்டேனே, அவர்தான். பெயர் தையல்நாயகி. அவருக்குப் பழைய மருந்து மட்டும்தான் விழுந்ததாம். மாதாந்திரப் பரிசோதனைக்கு ஒரே நாளில் வருகிறோம், சிநேகிதமாகிவிட்டோம். எல்லாவற்றையும் கத்திப் பேசுவதால் எனக்கு ஒரு எழுத்துவிடாமல் கேட்கிறது. உன்னைத் தங்கமான பொண்ணு என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மாறாத சந்தேகங்களுடன்,
அப்பா


கூடலூர்
27 ஜூன் 2024

அன்பான அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

இங்கே மழை விடவில்லை. துணி காயவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி சின்னதுதான், தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் வருகிறார்கள். காய்ச்சல், பிரசவம், அட்டைக்கடி. ஆய்வு கீய்வு ஒன்றும் கிடையாது. நிம்மதி.

மாத்திரையை மறக்காதீர்கள், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு. மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். அந்த மாத்திரை சிலருக்கு ஈரலைத் தொடும். மாடிப்படி ஏற வேண்டாம்.

வாசிப்பு வட்டத்தில் ஆய்வைப் பற்றித்தான் பேச வேண்டுமா அப்பா? வேறு எத்தனையோ விஷயம் இருக்கிறதே. உங்கள் கூட்டுறவுக் கேண்டீன் கதையைச் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள்.

உங்கள் மகள்,
ஹெப்சி


மேற்குத் தாம்பரம்
21 ஜூலை 2024

அன்புள்ள ஹெப்சி,

நலம், இந்த முறை சான்றோடு. ஊதிப் பார்க்கிற கருவியில் என் மூச்சு ஏறியிருக்கிறது. டாக்டர் புருவத்தைத் தூக்கினார். ஸ்டேஷன் மேம்பாலத்தை நடுவில் நிற்காமல் கடந்தேன். உன் நலம் எப்படி? துணி காய்ந்ததா?

கூட்டம் நன்றாக நடந்தது. உன் சொல்லைத் தட்டாமல் கேண்டீன் கதையையும் சொன்னேன். தொழிலாளர்களே நடத்துகிற கேண்டீன் என்று நாங்கள் ஆரம்பித்து, அது ஒரு வருஷத்தில் படுத்துக்கொண்டது. ஏன் படுத்தது என்று நான் துண்டறிக்கை போட்டேன். எதிரிக்கு எடுத்துக் கொடுக்கிறாயா என்று தோழர்கள் என்னைக் கட்சியை விட்டே அனுப்பினார்கள். தோற்ற பரிசோதனையை மறைக்கிற விஞ்ஞானியும் தோற்ற திட்டத்தை மறைக்கிற தோழரும் ஒரே ஜாதி என்று நான் பதில் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

மிருதுளா என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், உங்களுக்குப் புது மாத்திரை கிடைச்சுது, அந்த அம்மாவுக்குக் கிடைக்கல. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" இல்லை என்றேன். அந்தச் சீட்டைப் போட்டது மனுஷக் கை இல்லை, அதனால் அதில் குற்றவாளி இல்லை என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணின் கேள்விதான் மனதில் நின்றது, என் பதில் நிற்கவில்லை.

தையல்நாயகி உனக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்திருக்கிறார். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். "அந்தப் பொண்ணாண்ட குடு சார், நான் குடுத்தேன்னு சொல்லு" என்றார். அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சென்னைக்குள்ளே கூவம் கரையில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்களே, அதில் ஒருவர். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. மூச்சு வாங்குவதால் இப்போது பாதி நாள்தான் போகிறாராம்.

மாறாத சந்தேகங்களுடன்,
அப்பா


கூடலூர்
4 ஆகஸ்ட் 2024
(எழுதி, தபாலில் சேர்க்காதது)

அப்பா,

முறுக்கு வந்தது. பிரிக்க முடியவில்லை.

அது சீட்டு இல்லை அப்பா. மனுஷக் கைதான். என் கை.

நீங்கள் சேருகிற நாளன்று காலையில் அடுத்த கவரை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே இருக்கிற தாளில் "பழைய மருந்து மட்டும்" என்று மங்கலாகத் தெரிந்தது. அதற்கடுத்த கவரையும் பிடித்தேன். அதில் புது மாத்திரை. நீங்கள்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தீர்கள். அந்த அம்மா பின்னால் இருந்தார். நான் வெளியே வந்து, "அப்பா, இவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, முன்னாடி போகட்டுமா?" என்றேன். நீங்கள் சந்தோஷமாக எழுந்து வழிவிட்டீர்கள். வழிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் நல்ல குணத்தையே பிடித்து உங்களை ஏமாற்றினேன்.

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெட்டுக்குக் காத்துக் கிடந்தபோது, உங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரே ஒரு போன் போடுகிறேன் சார் என்றார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். இன்னொருவரை இறக்கிவிட்டுத்தான் மெட்டில்டாவை ஏற்ற வேண்டும் என்றீர்கள். பெட் கிடைத்த அன்று அம்மா இல்லை. அன்றைக்கே எனக்குள் நான் ஒன்று தீர்மானித்திருக்க வேண்டும். அது எனக்கே அன்று தெரியவில்லை.

உங்கள் மூச்சு ஏறுகிறது என்று படித்தபோது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் தாங்க முடியவில்லை. சொன்னால் உங்கள் வாழ்க்கையிலேயே நீங்கள் கண்டுபிடித்த அந்த ஒரே இடத்தை நான் இடித்துவிடுவேன்.


கூடலூர்
4 ஆகஸ்ட் 2024

அன்பான அப்பாவுக்கு,

நான் சுகம். மூச்சு ஏறியது கேட்டு மிகவும் சந்தோஷம். முறுக்கு கிடைத்தது, அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாத்திரை, இரத்தப் பரிசோதனை இரண்டையும் விடாதீர்கள்.

ஹெப்சி


மேற்குத் தாம்பரம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள ஹெப்சி,

நான் நலம். சென்ற கடிதத்தில் ஸ்தோத்திரத்தையும் காணோம், ஜெபத்தையும் காணோம். நான் எவ்வளவு வாதாடியும் போகாத கர்த்தர் தானாகவே கிளம்பிவிட்டாரா? எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தையல்நாயகியின் மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது. போன பரிசோதனைக்கு வரவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி, எண் மட்டும்தான் வேறு. ஆறாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் ஏறினேன் ஹெப்சி. நின்று நின்றுதான், ஆனால் ஏறினேன். அவர் அந்தப் படியில் இறங்கிப் பத்து நாளாகிறதாம். அதனால்தான் வரவில்லை.

கதவைத் திறந்தவுடன், "இன்னா சார், நீ எப்டி ஏறி வந்த! நான் எறங்கவே நாக்கு தள்ளுது" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன். ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே நாளில் ஆரம்பித்தோம். நான் ஏறி வந்து நிற்கிறேன், அவர் உட்கார்ந்திருக்கிறார்.

புத்திக்குத் தெரியும். இரண்டு பேரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அவர் நோய் வேகமானதாக இருக்கலாம், எனக்கு மாத்திரை இல்லாமலே ஏறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்க்கிறார்கள். மிருதுளாவுக்கு நான் சொன்ன பதில் இன்னும் சரிதான். ஆனால் அன்று நான் எழுந்து வழிவிடாமல் இருந்திருந்தால் அவருடைய கவர் எனக்கு வந்திருக்கும், என்னுடையது அவருக்குப் போயிருக்கும். பெரிய மனுஷத்தனமாக வழிவிட்டேன் என்று நானே உனக்குப் பீற்றிக்கொண்டு எழுதினேன்!

ஒன்று மட்டும் கேட்கிறேன், ஞாபகப்படுத்திச் சொல். அன்று நானாக எழுந்தேனா, அவர் கேட்டாரா, இல்லை நீ சொன்னாயா? என் ஞாபகத்தில் நானாக எழுந்ததாகத்தான் இருக்கிறது.

அப்பா


கூடலூர்
20 அக்டோபர் 2024

அன்பான அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இங்கே டெங்கு.

ஆறு மாடி ஏறியதற்கு உங்களைத் திட்ட வேண்டும். இனிமேல் போகாதீர்கள். தேவையானால் யாரையாவது அனுப்புங்கள்.

நீங்களாக எழுந்திருக்கவில்லை அப்பா. நான்தான் சொன்னேன். அதனால் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மூச்சு அளவு என்ன வந்தது என்று இந்த முறை எழுதவில்லையே? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

ஹெப்சி


மேற்குத் தாம்பரம்
10 நவம்பர் 2024

அன்புள்ள ஹெப்சி,

உன் கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன்.

நீ சொல்லித்தான் வழிவிட்டேன் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாயா? இப்போது இரண்டு பேராகிவிட்டோம், அவ்வளவுதான். அவசரமாகப் போக வேண்டிய ஒரு பெண்மணிக்கு நீ இரக்கப்பட்டாய், நான் இடம் கொடுத்தேன். நம் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், உன் அம்மாவும் செய்திருப்பாள். அதற்காக நீ ஏன் இப்படிச் சுருக்கிச் சுருக்கி எழுதுகிறாய்? நல்லது செய்து அது கெட்டதில் முடிந்தால் அது உன் தப்பில்லை என்று உனக்கு எழுத எனக்குச் சுலபமாக வருகிறது. எனக்கே அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வரவில்லை.

அம்மாவைப் பற்றி நான் எழுதுவதே இல்லை என்று உனக்கு என்மேல் கோபம் இருப்பது தெரியும். எழுதுகிறேன். அந்த வராந்தாவில் நான் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் நிரூபிக்க முடியும். படிப்படியாக, ஓட்டை இல்லாமல். நிரூபிக்க முடிவதால்தான் தூக்கம் வருவதில்லை. தப்பு செய்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பனிக்காலம் வருகிறது அல்லவா. மாத்திரை டப்பா மாதாமாதம் காலியாகிறது. அதைத்தானே கேட்டாய்.

அப்பா


கூடலூர்
9 டிசம்பர் 2024

அப்பா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற தகுதி இல்லாமல் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள்.

படித்துவிட்டீர்களா? நான் இரக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஜெபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். கர்த்தரிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும் அப்பா. அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் பயந்தது தண்டனைக்கு இல்லை. உங்களைப் பிழைக்க வைக்க வேண்டும், உங்களுக்கு அது தெரியக் கூடாது, இரண்டும் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஆறு மாடி ஏறி என் பாவத்தை உங்கள் தலையில் சுமந்துகொண்டு இறங்கினீர்கள். செப்டம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு அந்தப் பாரம் இறங்கியிருக்கும். அதை எழுதாமல் டெங்கு என்று எழுதினேன். டெங்கு அவ்வளவு இல்லை.

ஒரு தடவைதான் செய்தேன். வேறு யாருக்கும் செய்யவில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். சும்மா நடக்கிற காரியம் இல்லை என்றீர்களே, இதுதான் காரணம்.

ஹெப்சி


மேற்குத் தாம்பரம்
10 டிசம்பர் 2024

ஹெப்சி,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை. நீ கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாக்கம் போய்விட்டு வந்த மறுநாளிலிருந்து என் மாத்திரையில் பாதியைத் தையல்நாயகிக்குக் கொடுத்துவந்தேன். காலை மாத்திரை எனக்கு, இரவு மாத்திரை அவருக்கு. டப்பா காலியாகிறது என்று எழுதினேன், பொய் இல்லை. பொய் சொல்லாமல் ஏமாற்றுவது எப்படி என்று தத்துவம் படித்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அவர் முதலில் வாங்கவே இல்லை. "வேணா சார், எனுக்கு கவர்ல இன்னா வந்துச்சோ அதான். நீ பேஜார் பண்ணாத" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடினேன். இத்தனை வருஷம் பாடம் நடத்திய திறமை முழுவதையும் காட்டி, சிபாரிசு செல்லாத அந்த ஒரே இடத்தில் நானே சிபாரிசுக்காரனாக நின்று, அவரைச் சம்மதிக்க வைத்தேன். நான் வழிவிட்டதால் அவர் இழந்ததைத் திருப்பித் தருகிறேன் என்று எனக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆய்வு கெடும் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். டாக்டர் என் மூச்சு ஏன் இறங்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டேன்.

புயல் மழை நின்ற பிறகு போய்ப் பார்த்தேன். அவர் கண் மஞ்சளாக இருந்தது. அக்கம்பக்கத்தில் குடிதண்ணீர்தான் காரணம் என்றார்கள், கட்டடத்தில் இன்னும் சிலருக்குக் காமாலையாம். அரசு ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். புது மாத்திரை சாப்பிடுகிற எங்களுக்கு மாதாமாதம் ஈரலுக்கு இரத்தம் பார்க்கிறார்கள். அவர் பழைய மருந்துக்காரர், அவருக்கு யார் பார்ப்பார்கள்? நீ ஜூனிலேயே எழுதினாய், சிலருக்கு ஈரலைத் தொடும் என்று. அந்த வரியை நான் என்னைப் பற்றியது என்று நினைத்துவிட்டேன்.

இன்று காலை இரண்டு ஆஸ்பத்திரியிலும் போய்ச் சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பிழைப்பார் என்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. ஆய்வு டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா


மேற்குத் தாம்பரம்
5 ஜனவரி 2025

ஹெப்சி,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இதை உடனே எழுத முடியவில்லை. மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்தேன்.

முதலில் அவர் செய்தி. தையல்நாயகிக்கு மஞ்சள் இறங்கிவிட்டது, சாப்பிடுகிறார். நுரையீரல் பழைய நிலைமையில்தான் இருக்கிறது, அதற்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. என் மூச்சும் அப்படியே. ஆய்வுக்கணக்கிலிருந்து எங்கள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். அந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்கிற கேள்விக்கு நம் குடும்பத்தால் ஒரு பயனும் இல்லை.

நீ செய்ததை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்காதே. அது உன் வாயால் வர வேண்டியது. உனக்காக நான் போய்ச் சொன்னால் அதுவும் ஒரு சிபாரிசு ஆகிவிடும். ஒரு தடவைதான் செய்தேன் என்கிறாய். நான் நம்புகிறேன். ஆனால் ஒருவருடைய வார்த்தையை நம்புவது எதற்கும் ஆதாரம் ஆகாது என்றுதான் நான் பாடம் நடத்தினேன். உன் மேஜையைத் தாண்டிப் போன ஒவ்வொருவரையும் அவர்கள் இனி சந்தேகப்பட வேண்டும். அந்த வேலையை அவர்களுக்கு நீ கொடுத்தே ஆக வேண்டும். உன் உத்தியோகம் போகலாம். போகட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செப்டம்பரில் நீ சொல்லியிருந்தால் நான் மாத்திரையைப் பங்கு போடுவதை அன்றே நிறுத்தியிருப்பேன், நேராக டாக்டரிடம் போயிருப்பேன், அவருக்குக் கண் மஞ்சளாகியிருக்காது. அதே கையோடு இன்னொன்றும் எழுதுகிறேன். அந்த வராந்தாவில் உன் மனதைப் பற்றி நான் ஒரு தடவையாவது விசாரித்திருந்தால், நீ அந்தக் கவரை விளக்குக்கு நேரே பிடித்திருக்க மாட்டாய். எது எதற்குக் காரணம் என்று பிரிக்கத் தெரியும் என்று இத்தனை நாள் பெருமையடித்தேன். இதில் பிரிக்கத் தெரியவில்லை.

உன் கடிதத்தைத் தையல்நாயகியிடம் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். யாருடைய கவரோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், "அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு நான் ஒண்ணும் சொல்லலியே சார். சாயங்காலம் வரிக்கும் குந்திகினு இருக்கலாம்னுதான் வந்தேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டி, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.

கத்திச் சொன்னார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ரேஷன் கடைல, ஆஸ்பத்திரில, தண்ணி லாரியாண்ட, எங்கியும் என்னிய பின்னாடி போன்னுதான் சார் சொல்லிகீறாங்க. நீங்க முன்னாடி போங்கம்மான்னு உன் பொண்ணுதான் மொத மொத சொல்லிச்சு. எங்க பிளாக் முச்சூடும் அதச் சொல்லிகினு திரிஞ்சேன் சார். அதுக்குத்தான் முறுக்கு சுட்டுக் குடுத்தேன்."

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவரிடம் சொல், எனக்கு எழுதாதே.

அப்பா


கூடலூர்
11 ஜனவரி 2025

அப்பா,

டாக்டருக்கு எழுதிவிட்டேன், ஒன்றும் விடாமல். நேரிலும் வந்து சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

பொங்கல் கூட்டம் குறைந்ததும் பஸ் ஏறுகிறேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி முதலில் அந்த அம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் பெரும்பாக்கத்துக்கு. அந்த ஆறு மாடியை ஏறிவிட்டு, அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் கூட வர வேண்டாம்.

முறுக்குப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

ஹெப்சி